குப்பை என்று யார் சொன்னது?

1947-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 21-ஆம் தேதி காலையில் நியூயார்க் நகரத்துப் போலீஸாருக்கு டெலிபோனில் ஒரு தகவல் வந்தது. ஹார்லெம் பகுதியில், ஐந்தாவது அவென்யூவில், 2078-ஆம் நம்பர் வீட்டில் ஒருவர் இறந்து கிடக்கிறார் என்பதே அந்தத் தகவல். அந்த வீட்டைப் பற்றி ஏற்கெனவே ஊரில் ஆயிரம் கதைகள் உலவிக்கொண்டிருந்தன. ஆகவே போலீஸார் அவநம்பிக்கையுடன்தான் புறப்பட்டார்கள்.

வாசற்கதவை உடைத்துத் திறந்தார்கள். கதவுக்குப் பின்னால் வீடு தெரியவில்லை; இன்னொரு சுவர் தெரிந்தது. பழைய பத்திரிகைக் கட்டுகள், மடக்குக் கட்டில்கள், நாற்காலிகள், பாதித் தையல் இயந்திரம், பெட்டிகள், திராட்சை பிழியும் யந்திரத்தின் உறுப்புகள் எல்லாம் தரையிலிருந்து விதானம் வரையில் இறுகிக் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கித் தெருவில் எறிந்து பார்த்தார்கள். வழி பிறக்கவில்லை. கடைசியில் ஒரு போலீஸ்காரர் ஏணி வைத்து மாடி ஜன்னல் வழியாக உள்ளே இறங்கினார். குப்பை மலையின் மேல் ஊர்ந்து ஊர்ந்து வெகு நேரம் தேடிய பிறகு, ஒரு சிறு இடைவெளியில், கிழிந்த அங்கியுடன், முழங்காலில் தலையைச் சாய்த்தபடி உட்கார்ந்திருந்த ஒரு கிழவரைக் கண்டார். உயிர் பிரிந்து அரை நாள்கூட ஆகியிருக்கவில்லை. பட்டினியும் இருதய நோயும் அவரைக் கொன்றிருந்தன.

அவர் பெயர் ஹோமர் காலியர். அவருடைய தம்பி லாங்லி காலியர் எங்கே? அதுதான் அடுத்த பதினெட்டு நாள் நியூயார்க்வாசிகளைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி.

(காலியர் என்ற பெயரைப் பார்த்து வாசகர்கள் புன்னகை செய்யலாம். அந்த வீட்டில் காலியாக இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.)

இந்தச் சகோதரர்களை யாரோ பிச்சைக்காரர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. தந்தை ஸ்திரீகள் வைத்தியத்தில் பேர் பெற்ற டாக்டர். தாயார் சங்கீதத்திலும் படிப்பிலும் ஈடுபாடு உள்ளவர். மூத்தவர் ஹோமர் 1881-இல் பிறந்தவர். கொலம்பியா ஸர்வகலாசாலையில் சட்டம் படித்தவர். கப்பல் சம்பந்தமான வழக்குகளில் தேர்ச்சி உள்ளவர். இளையவர் லாங்லி 1885-இல் பிறந்தவர். யந்திர சாஸ்திரத்தில் நாட்டம் உடையவர். பியானோ வாசிப்பதில் வல்லவர். 1909-இல் குடும்பம் அந்த வீட்டுக்குக் குடிவந்தது. 1923-இல் தந்தையும் 1929-இல் தாயாரும் காலமானார்கள். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. 1917-இலேயே டெலிபோன் போய்விட்டது. 1928-இல் மின்சாரம், காஸ், தண்ணீர் மூன்றும் நின்றுவிட்டன. லாங்லி நாலு தெரு தள்ளியிருந்த ஒரு பூங்காவிலிருந்து தண்ணீர் சுமந்து வந்தார். ஒரு பழைய போர்டு மோட்டாரின் யந்திரத்தைக்கொண்டு வீட்டிற்குள்ளேயே மின்சாரம் உண்டாக்க முயன்று பார்த்தார். இரவில்தான் வெளியே போவார். திரும்பி வரும்போது, பிறர் வேண்டாமென்று எறிந்தவற்றில் எதையாவது கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வருவார்.

1933-இல் ஹோமருக்குக் கண்பார்வை போயிற்று. பின்னர் வாதநோயும் வந்து, அவர் இருந்த இடத்தைவிட்டு அசைய முடியாதவரானார். வைத்தியரை அழைக்கலாகாதா என்று கேட்டவர்களுக்கு லாங்லியின் பதில் தயாராக இருந்தது: நாங்கள் டாக்டர் வீட்டுப் பிள்ளைகள், வைத்திய நூல்கள் வீடு நிறைய இருக்கின்றன, வேறு வைத்தியர் எதற்கு? வாரத்திற்கு 100 ஆரஞ்சுப் பழம் கொடுத்து, கண்ணுக்கு ஓய்வும் கொடுத்தால் பார்வை திரும்பிவிடும் என்று அவர் நம்பினார். பார்வை திரும்பிய அன்று அண்ணா உலக விவகாரங்களைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டாமா? அதற்காகத் தினந்தோறும் வெளிவந்த பத்திரிகைகளையெல்லாம் வாங்கிக் கட்டுக் கட்டாய் அடுக்கி வைத்தார். வருஷம் பதினான்கு ஆயிற்று. கட்டுகள் சுவராயின, சுவர்களுக்கிடையே சுரங்கப் பாதைகள் உண்டாயின. அக்கம்பக்கத்துப் பையன்கள் ஜன்னலில் கல்லெறிந்தார்கள். வீட்டில் புதையல் இருப்பதாக நம்பித் திருடர்களும் வந்து பார்த்தார்கள். ஆகவே லாங்லி அந்தச் சுரங்கங்களில் கண்ணி வைத்தார். தெரியாதவன் கயிற்றில் கால் வைத்தால் பத்திரிகைக் கட்டுகளும் பெட்டிகளும் அவன் தலைமேல் சரிந்துவிடும்.

ஏப்ரல் 8-ஆம் தேதி லாங்லியைக் கண்டுபிடித்தார்கள். அதற்குள் ஒன்பது ராஜ்யங்களில் அவரைத் தேடியாகிவிட்டது. கடற்கரை ஊர் ஒன்றுக்குப் பஸ்ஸில் போனதைக் கண்டதாகக்கூட ஒருவர் சொல்லியிருந்தார். உண்மையில் அவர் அண்ணா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பத்தே அடி தூரத்தில், தாமே வைத்த கண்ணி சரிந்து, பத்திரிகைக் கட்டுகளின் அடியில் மூச்சு முட்டி இறந்து கிடந்தார். அண்ணாவுக்கு ஆகாரம் எடுத்துக்கொண்டு ஊர்ந்து போகும்போது அது நடந்திருக்கிறது. ஹோமர் இறப்பதற்குப் பல நாட்களுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார் என்று வைத்தியர்கள் கணித்தார்கள். பார்வையும் நடையும் இல்லாத ஒரு மனிதர், பத்தடிக்கு அப்பால் தம்பியின் குரல் நின்றுபோன பிறகு, அத்தனை நாட்களை எப்படிக் கழித்தார் என்பதை நினைக்கவே நெஞ்சம் நடுங்குகிறது.

அந்த வீட்டிலிருந்து வெளியேற்றிய பொருள்கள் 120 டன்னுக்குக் குறையாது. 14 பியானோக்கள், 25,000 புஸ்தகங்கள், ஒரு மோட்டாரின் அடிச்சட்டம், தந்தையின் வைத்தியக் கருவிகள், மனித அவயவங்கள் ஊறிய கண்ணாடி ஜாடிகள், எட்டுப் பூனைகள், அவை உயிருடன். விற்கத் தகுந்தவற்றை ஏலம் போட்டதில் 2,000 டாலர்கூடத் தேறவில்லை. தெருவில் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் கூடி வேடிக்கை பார்த்தார்கள், சிரித்தார்கள். அந்த வருஷமே வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று அந்த இடத்தில் ஒரு சிறு பூங்கா இருக்கிறது. அதற்குக் காலியர் சகோதரர்களின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் தீயணைப்புப் படையினர், சாமான்கள் நிறைந்து நுழைய முடியாத வீட்டை இன்றும் 'காலியர் மாளிகை' என்றுதான் குறிப்பிடுகிறார்கள்.

*

இதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. ஆங்கிலத்தில் ஹோர்டிங் டிஸார்டர் என்கிறார்கள். 'பதுக்கல்' என்று எழுதினால் அரிசி மூட்டையை ஒளித்து வைத்து விலை ஏறக் காத்திருக்கும் வியாபாரி நம் கண்முன் வருகிறான். அவனுக்கு நோய் ஒன்றும் இல்லை, நமக்குத்தான் தொல்லை. 'கருமித்தனம்' என்று சொல்லலாமா? கருமி பணத்தைத்தான் காக்கிறான். லாங்லி காலியரோ, 1942-இல் வங்கிக்காரர்கள் வீட்டைப் பறிமுதல் செய்ய வந்தபோது, குப்பைக்கு நடுவில் நின்றபடி 6,700 டாலருக்கு ஒரே செக்காக எழுதிக் கொடுத்துக் கடனைத் தீர்த்தார். தபால்தலை சேகரிப்பவர்களையும் இதில் சேர்க்கக் கூடாது. சேகரிப்பவன் ஒழுங்காய் அடுக்குகிறான். வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டிப் பெருமைப்படுகிறான். இந்த நோயாளியோ, வாசற்கதவை யாராவது தட்டினால் நடுங்குகிறார். ஆகவே 'குவிப்பு நோய்' என்றே இங்கே எழுதுகிறேன். இதைவிட நல்ல சொல் அகப்பட்டால் மாற்றிக்கொள்ளத் தடையில்லை.

இதை நோய் என்று அறிந்துகொள்ளவே வைத்திய உலகத்துக்கு வெகு காலம் பிடித்தது. இலக்கிய ஆசிரியர்கள் முந்திக்கொண்டார்கள். ரஷ்ய ஆசிரியர் கோகோல் 1842-இல் வெளியிட்ட 'இறந்த ஆத்மாக்கள்' என்ற நாவலில் பிளூஷ்கின் என்றொரு ஜமீன்தார் வருகிறார். தெருவில் கிடக்கும் பழைய செருப்புத் தோலைக்கூட விடமாட்டார். மனைவி இறந்த பிறகே அவர் அப்படியானார் என்று கோகோல் எழுதியிருப்பது கவனிக்கத் தக்கது. மனோதத்துவ அறிஞர் பிராய்டு 1908-இல், சிறு குழந்தைப் பருவத்து அனுபவங்களோடு முடிச்சுப் போட்டு இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். அது யாருக்கும் பெரிதாகப் பிரயோஜனப்பட்டதாகத் தெரியவில்லை.

உண்மையான ஆராய்ச்சி தொடங்கியது 1990-களின் ஆரம்பத்தில். அதற்குக் காரணம் ஒரு மாணவி. உபாத்தியாயர் என்ற முறையில் இதைச் சொல்வதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். அமெரிக்காவில் ஸ்மித் காலேஜில் மனோதத்துவம் கற்பித்துவந்த ராண்டி பிராஸ்ட் என்ற பேராசிரியரிடம், அவருடைய மாணவி ஒருத்தி, இந்த வியாதியைப் பற்றி ஆராய்ச்சி ஏதாவது உண்டா என்று கேட்டாள். இது மிக அபூர்வமான வியாதி. ஆராய்வதற்கு ஆள் கிடைப்பதே கஷ்டம் என்பது பேராசிரியரின் எண்ணம். எதற்கும் பார்க்கலாம் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு சிறு விளம்பரம் போட்டார்கள். நூறு பேருக்கு மேல் டெலிபோனில் கூப்பிட்டுவிட்டார்கள்! 1993-இல் அந்த ஆராய்ச்சி வெளிவந்தது. வகுப்பில் எழுந்து நின்று கேட்கப்படும் கேள்வியை 'உட்கார்' என்று சொல்லி அடக்கும் வழக்கம் உள்ள என் சகாக்களுக்கு இதைச் சமர்ப்பிக்கிறேன்.

அதற்கும் இருபது வருஷம் கழித்து, 2013-இல்தான், அமெரிக்க மனோவைத்தியர் சங்கத்தார் தங்கள் கைந்நூலின் ஐந்தாம் பதிப்பில் இதற்குத் தனி இடம் கொடுத்தார்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தாரின் பதினோராம் நோய்ப் பட்டியலிலும் இது இடம்பெற்றது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் அமலுக்கு வந்தது. இலக்கணம் சுருக்கமானது. பொருளுக்கு மதிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை விட்டுப் பிரிய முடியாமை. பிரிய நேரும்போது உண்டாகும் வேதனை. அதன் காரணமாகச் சமையலறையில் சமைக்கவும் கட்டிலில் படுக்கவும் முடியாதபடி வீடு அடைபட்டுப் போதல். மக்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது உண்டென்று பல நாடுகளில் எடுத்த கணக்குகள் சொல்கின்றன. ஸ்திரீகள், புருஷர்கள் என்ற பேதம் அதிகம் இல்லை. பெரும்பாலும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தலைகாட்டி, முப்பது வயதுக்கு மேல் முற்றி, முதுமையில் வீட்டையே விழுங்கிவிடுகிறது.

*

இனி நான் வெட்கத்துடன் சொல்லவேண்டிய ஒரு விஷயம்.

எனக்கு ஒரு பெரியப்பா இருக்கிறார். காவேரிக் கரையில் ஒரு சிறு பட்டணத்தில், ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு என்று நீண்டு போகும் பழைய காலத்து வீடு. எந்தப் பொருளையும் எறியாத சுபாவம் அவருக்கு வாலிபத்திலிருந்தே உண்டு. பெரியம்மா இருந்த வரையில் அது பரணோடு நின்றது. பெரியம்மா காலமான பிறகு, பரணிலிருந்து இறங்கிக் கூடத்துக்கு வந்தது. பத்திரிகைக் கட்டுகள், மஞ்சள் தடவிய கல்யாணக் கடிதாசுகள், குடைக்கம்பிகள், மருந்துச் சீசாக்கள், சணல் கயிறுகள், காது உடைந்த குவளைகள்! கூடத்தில் ஊஞ்சல் இருந்ததே மறந்துபோயிற்று. பெரியப்பா ரேழியில் ஒரு பாய் அகல இடத்தில் படுத்துக்கொண்டிருந்தார்.

சில வருஷங்களுக்கு முன்பு அவர் காசி யாத்திரை போனார். அந்தச் சமயம் பார்த்து, நானும் என் ஒன்றுவிட்ட சகோதரர்களும் சேர்ந்து வீட்டைச் சுத்தம் செய்தோம். ஆறு வண்டிச் சாமான் போயிற்று. வெள்ளையடித்தோம். ஊஞ்சலை எண்ணெய் போட்டு ஆடவிட்டோம். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக எங்களுக்குப் பெருமை.

காசிக்குப் போனவர்கள் தமக்குப் பிரியமான காய் ஒன்றையும் பழம் ஒன்றையும் அங்கே விட்டுவிட்டு வருவது வழக்கம் அல்லவா? பெரியப்பா கத்தரிக்காயையும் கொய்யாப் பழத்தையும் விட்டுவிட்டு வந்தார். வீட்டிற்கு வந்து பார்த்தால், மற்ற எல்லாவற்றையும் அவருக்காக நாங்கள் விட்டுவிட்டிருந்தோம்.

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை. ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

"ஏண்டா, அலமாரி மேலே ஒரு பிஸ்கோத்து டப்பா இருந்ததே, அது எங்கே?"

"அதில் வெறும் காகிதந்தானே பெரியப்பா இருந்தது?"

"ஆமாம். காகிதந்தான். உன் பெரியம்மா எழுதின மளிகைச் சீட்டு."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு வருஷம் முடிவதற்குள் கூடம் மறுபடியும் நிறைந்துவிட்டது. இந்தத் தடவை வாசற்சாவி எங்களில் யாரிடமும் இல்லை.

அதன் பிறகுதான் நான் இதைப் பற்றி விசாரிக்கவும் படிக்கவும் ஆரம்பித்தேன். பலாத்காரமாய் வீட்டைக் காலி செய்வதால் நோய் தீராது, வீடு மறுபடி நிறையும், உற்றாரிடம் இருந்த நம்பிக்கைதான் மிச்சமில்லாமல் போகும் என்று, இந்த நோயை நன்கு அறிந்தவர்கள் ஒருமுகமாகச் சொல்கிறார்கள். நாங்கள் செய்த தவறு புதிதல்ல. எல்லா ஊரிலும் எல்லா மருமக்களும் செய்கிற தவறுதான். அதனால் அது சிறிதாகிவிடாது.

*

குவிப்பு நோயில் வைத்தியர்களையே திகைக்க வைப்பது ஒன்று உண்டு. அது தனியாக வருவது குறைவு. இந்த நோயாளிகளில் நாலில் மூன்று பேருக்கு மனத்தைப் பற்றிய வேறொரு நோயும் கூடவே இருக்கிறது. அத்துடன், வேறு பல நோய்களிலும் இதைப் போன்றே குப்பை சேர்கிறது. வாசலில் நின்று பார்ப்பவனுக்கு எல்லாம் ஒரே குப்பைதான். உள்ளே இருக்கும் காரணமோ வேறு வேறு.

வெகு காலம் இதை எண்ணச் சுழல் நோயின் ஒரு கிளை என்றே கருதினார்கள். கதவைப் பூட்டினோமா என்று பத்துத் தடவை திரும்பிப் பார்ப்பதும், கையை ஓயாமல் கழுவுவதும் அந்த நோயின் லட்சணங்கள். ஆனால் அந்த நோயாளிக்குத் தம் எண்ணங்களே எதிரி. வேண்டாம் வேண்டாம் என்றுதான் கழுவுகிறார். குவிப்பவருக்கோ பொருளைச் சேர்க்கும்போது ஆனந்தம், பிரியும்போதுதான் துன்பம். பிராஸ்டும் அவருடைய சகாக்களும் 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், குவிப்பு நோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்குக்கூட எண்ணச் சுழல் நோய் இல்லை என்று கண்டார்கள். மனச்சோர்வு நோயோ பாதிப் பேருக்கு இருந்தது. நாலில் ஒருவருக்கு ஓயாத கவலை நோயும், ஏறக்குறைய அதே அளவுக்கு நாலு பேர் முன் வரக் கூசும் நோயும் இருந்தன. இதற்கு நேர்மாறாக, எண்ணச் சுழல் நோயே மூலகாரணமாகிக் குப்பை சேர்வதும் உண்டு. தரையில் விழுந்த காகிதத்தைத் தொட்டால் தீட்டு ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சி எடுக்காமலே விட்டுவிடுகிறார் ஒருவர். அவருக்குச் சிகிச்சை வேறு.

மனச்சோர்விலும் இந்தப் பேதம் உண்டு. சோர்ந்த மனிதருக்குப் பாத்திரம் துலக்கவே கை எழாது. குப்பை தானாகச் சேர்கிறது. அவர் அதைக் காதலிக்கவில்லை. வேறொருவர் வந்து அள்ளிக்கொண்டு போனால் நிம்மதியாகக்கூட இருப்பார். குவிப்பு நோயாளிக்கு அதே காரியத்தைச் செய்தால் உயிரே போனாற்போல் ஆகிறது. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்தால்? வீடு நிறைவதால் சோர்வு மிகுகிறது. சோர்வினால் வீடு மேலும் நிறைகிறது. எது விதை, எது மரம் என்று சொல்ல முடியாது.

கவனம் சிதறும் கோளாறும் இவர்களில் பலருக்கு, அதாவது நாலில் ஒருவருக்குமேல், காணப்படுகிறது. இது எனக்குப் பழக்கமான பிரதேசம். வகுப்பில் புத்திசாலியான பையன் ஒருவன் இருப்பான். அவன் பையைத் திறந்தால் மூன்று வருஷத்துக் காகிதம் அத்தனையும் கசங்கிக் கிடக்கும். ஒன்றை எடுத்து வைக்கப் போவான். நடுவில் இன்னொன்றைக் கண்டு படிக்க உட்கார்ந்துவிடுவான். குவிப்பு நோயாளியும் இப்படியே. அவருக்கு எந்தப் பொருளும் பத்தோடு பதினொன்று அல்ல. ஒவ்வொன்றும் தனி ஜாதி. 'எந்தக் கட்டில் வைப்பது?' என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல், கண்ணில் படும்படி மேலே வைத்துவிடுகிறார். நாளைக்கு அதற்கும் மேல் இன்னொன்று வரும். சோம்பலினால் அல்ல, தவறிப்போகக் கூடாதே என்ற அதிகக் கவலையினால்தான் குவியல் உயர்கிறது. பரீட்சையில் முதல் வினாவுக்கே பிழையற்ற விடை எழுத வேண்டுமென்று மணி அடிக்கும்வரை யோசித்துக்கொண்டிருக்கும் மாணவர்களை நான் கண்டிருக்கிறேன்.

முதுமையில் மறதி நோய் வந்தவர்களும் சாமான்களைச் சேர்ப்பதும் ஒளிப்பதும் உண்டு. அது வாலிபத்திலிருந்து வளர்ந்த பழக்கமல்ல; திடீரென்று வந்தது. புத்தி பேதலித்தவர்கள், யாரோ உத்தரவு போட்டதாக எண்ணிக் குப்பை சேர்ப்பதும் உண்டு. மூளையில் அடிபட்டதனால் உண்டாவதும் உண்டு. மூளையின் முன்பகுதியில், நடுப்புறம் சேதமானவர்களுக்கு இந்தச் சுபாவம் புதிதாய் வந்ததை அயோவா ஸர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் 2005-இல் விவரித்தார்கள். லாங்லி காலியருக்கு இவற்றில் எது இருந்தது? இறந்தவருக்கு நாடி பார்ப்பதில் அர்த்தமில்லை. திருடர் பயம் அவருக்கு மிகுதிதான். ஆனால் திருடர்களும் உண்மையாகவே வந்தார்களே!

மூளையைப் பற்றிச் சொன்னேன். 2012-இல் டேவிட் டோலின் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு பரீட்சை செய்தார்கள். நோயாளிகளை அவரவர் வீட்டுக் கடிதாசுகளைக் கொண்டுவரச் சொன்னார்கள். அவர்கள் மூளையின் வேலையைப் படம் பிடித்தபடியே, ஒவ்வொரு காகிதமாகக் காட்டி, 'வைத்துக்கொள்ளலாமா, கிழித்துவிடலாமா?' என்று கேட்டார்கள். பிறருடைய காகிதமாயிருந்தபோது, மூளையில் குறிப்பிட்ட இரண்டு பாகங்கள் சாதாரணத்தைவிட மந்தமாக இருந்தன. தம்முடைய காகிதம் வந்ததும் அதே பாகங்கள் அளவுக்கு மீறிக் கொந்தளித்தன. எது முக்கியம், எது தவறு என்று நமக்கு எச்சரிக்கை மணி அடிப்பவை அந்தப் பாகங்கள். நமக்கு வீடு பற்றி எரிந்தால் அடிக்கும் மணி, அவர்களுக்குப் பழைய மின்சாரக் கட்டண ரசீதைக் கிழிக்கும்போது அடிக்கிறது. 'இதைக்கூடத் தூக்கி எறியத் தெரியாதா?' என்று கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

நெருப்பைச் சொன்னது வெறும் உவமைக்காக மட்டுமல்ல. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் பகுதியில் பத்து வருஷக் கணக்கைப் பார்த்தார்கள். வீடுகளில் பற்றிய தீயில் குவிப்பு நோயாளிகளின் வீடுகள் ஆயிரத்துக்கு இரண்டு மூன்றுதான். ஆனால் தவிர்த்திருக்கக்கூடிய தீ மரணங்களில் நூற்றுக்கு 24 அந்த வீடுகளில் நேர்ந்தவை. ஓடுவதற்கு வழி இல்லை. உள்ளே போய்த் தூக்கி வருவதற்கும் வழி இல்லை.

சிகிச்சை உண்டு; ஆனால் அது அவசரப்படாத சிகிச்சை. பிராஸ்டும் கெயில் ஸ்டெகட்டியும் வகுத்த முறைக்கு இருபது, முப்பது அமர்வுகள் வேண்டும். எண்ணச் சுழல் நோய்க்குக் கொடுக்கும் மருந்துகள் இதற்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. நோயாளி தம் கையாலேயே ஒரு பொருளை எடுத்து, தாமே தீர்மானித்து, தாமே விட வேண்டும். விட்ட பிறகு வேதனை ஏறுவதையும், சிறிது நேரத்தில் தானே இறங்குவதையும் அவர் பார்க்க வேண்டும். கடைக்குப் போய், பிடித்த பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, வாங்காமல் திரும்புவதும் ஒரு பாடம். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் குணம் தெரிகிறது. வீடு பளிங்குபோல் ஆகிவிடும் என்று எவரும் வாக்குக் கொடுப்பதில்லை. நடக்க வழியும், படுக்கக் கட்டிலும், எரியாத அடுப்புப் பக்கமும் கிடைத்தால் போதும் என்று ஆரம்பிக்கிறார்கள்.

பெரியப்பாவை ஒரு மனோவைத்தியரிடம் அழைத்துப் போக எனக்கு எட்டு மாதம் பிடித்தது. அதில் ஆறு மாதம், சாவியைப் பற்றிப் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்ததிலேயே போயிற்று. வைத்தியர் குப்பையைப் பற்றி முதலில் கேட்கவில்லை. தூக்கம் எப்படி, பசி எப்படி, இன்று என்ன தேதி, பெரியம்மா போய் எத்தனை வருஷம் என்று கேட்டார். மறதி நோய் இல்லை என்றார். மனச்சோர்வு இருக்கிறது, அதற்கு மருந்து உண்டு, மற்றது மெதுவாகத்தான் ஆகும் என்றார். மருந்து ஆரம்பித்த இரண்டாம் மாதம் பெரியப்பா தாமாகவே முகக்ஷவரம் செய்துகொண்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் போகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பெட்டி. அதற்கு மேல் தொடுவதில்லை. நான் தொடுவதே இல்லை, அவர்தான் எடுக்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சரித்திரம் உண்டு; அதை முழுதும் கேட்டாக வேண்டும். நாலு மாதத்தில் ஊஞ்சலின் ஒரு சங்கிலி கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. சென்ற வாரம் ஒன்பது குடைக்கம்பிகளை எடுத்து வைத்து, வெகு நேரம் பார்த்து, ஏழை என்னிடம் கொடுத்தார்.

"இரண்டு இருக்கட்டும்" என்றார்.

"இருக்கட்டும் பெரியப்பா" என்றேன்.

புறப்படும்போது என் கைப்பையில் நீட்டிக்கொண்டிருந்த வாரப் பத்திரிகை அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"படித்தாயிற்றாடா அது? ஆயிற்றென்றால் இப்படிக் கொடு."